ஒரு நாளுக்கு ஒரு பாதை: கொழும்பிலிருந்து அதிகம் பேர் போகாத இடங்களுக்கு

போன ஓகஸ்ட் லீவுக்குக் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்த என் மச்சாள், கையோடு ஒரு பட்டியலும் கொண்டுவந்தாள். ஒரே நாளில் பார்க்க ஒன்பது இடம். கூகுள் வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் இடையே அரை மணி, முக்கால் மணி என்றுதான் காட்டியது. வெள்ளவத்தையிலிருந்து காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். களனிப் பாலம் தாண்டவே பத்து மணி. கிரிபத்கொடையில் சின்னவன் வாந்தி எடுத்தான். மத்தியானம் நிட்டம்புவையில் மரநிழலில் நிறுத்திச் சோற்றுப் பார்சலை அவிழ்த்தபோது, ஒன்பதில் ஒன்றைக்கூட நாங்கள் பார்த்திருக்கவில்லை. அன்றிரவு பட்டியலைக் கிழித்தோம். மிச்ச நாட்களில் வேறு மாதிரிப் போனோம். கொழும்புக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும், லீவுக்கு வந்து நிற்பவர்களுக்கும் அந்த வேறு மாதிரியைத்தான் இங்கே சொல்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான். கொழும்பிலிருந்து வெளியே போகப் பெரிய பாதைகள் நாலு: வடக்கே நீர்கொழும்பு, வடகிழக்கே கண்டி, கிழக்கே அவிசாவளை, தெற்கே காலி. ஒரு நாளுக்கு ஒரு பாதை. பாதைக்கு ஒரே ஒரு முக்கியமான இடம். வழியில் இரண்டாவது வாய்த்தால் இலாபம். ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே பாய நினைத்தால் நாள் போய்விடும். அந்தக் குறுக்குப் பாதைகள் எல்லாம் சந்தை, பள்ளிக்கூடம், ரயில் கடவை என்று நின்று நின்று போகிறவை.

முதலில் நாள் பாருங்கள்

வெளிநாட்டுச் சொந்தக்காரர் சொல்லும் சம்மர் வேறு, நம்முடைய வெயில் வேறு. இங்கே உச்ச வெயில் மார்ச், ஏப்ரலில். ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர்மேலே வருகிறது. கொழும்பில் பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் விளக்குக் கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அதே மாதத்தில் பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்கு மேல் இடியும் மின்னலுமாக மழை கொட்டுவதும் வழக்கம். வெட்டவெளியிலோ படகிலோ அந்த நேரத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது. மே கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கும். ஓகஸ்டில் மழை குறைந்திருந்தாலும் மேற்குக் கரைக் கடல் கொந்தளித்தபடிதான் இருக்கும். பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் களுத்துறையிலோ நீர்கொழும்பிலோ கடலில் இறங்க விடாதீர்கள்.

ஆக, எந்த மாதமானாலும் கணக்கு ஒன்றுதான். காலை ஐந்தரைக்கு வண்டி வாசலை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் திரும்பும் முகமாக இருக்க வேண்டும். ஐந்தரை என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு ஆறுதல்: பிள்ளைகள் வண்டியிலேயே தூங்கிவிடுவார்கள், வாந்தியும் வராது.

விலக்க வேண்டிய நாட்களும் உண்டு. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின இரண்டு நாளும் கொழும்பே ஊருக்குக் கிளம்பும். எல்லாப் பாதையும் அடைத்துக்கொள்ளும். ஆனால் புத்தாண்டு நாளிலேயே புறப்பட்டால் வீதி காலியாகக் கிடக்கும். கடை ஒன்றும் திறந்திருக்காது, சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். முழுநிலாப் போயா நாட்களில் விகாரைகளில் கூட்டம் நெரியும். வெசாக் காலத்தில் வழிநெடுகத் தன்சல் போட்டு வண்டிகளை மறித்துச் சாப்பாடு கொடுப்பார்கள். அதை ரசிக்கிறவர்கள் போகலாம், நேரத்துக்குப் போய்ச் சேர நினைக்கிறவர்கள் வேண்டாம்.

வண்டி பேசும்போது

நாலு பேர் என்றால் கார் போதும், அதற்கு மேல் வான். வான்காரரிடம் நாலு கேள்வி கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் சேர்த்தி, தாண்டினால் கிலோமீற்றருக்கு எவ்வளவு, டீசலும் அதிவேகப் பாதைக் கட்டணமும் யார் கணக்கு, சாரதியின் சாப்பாடு யார் கணக்கு. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றை நான் பட்டுத்தான் கற்றேன்: கிலோமீற்றர் எங்கிருந்து எண்ணப்படுகிறது? ஒருமுறை ஒரு வான்காரர் தன் வீட்டு வாசலிலிருந்து எண்ணினார். அவர் வீடு கடவத்தையில். வெள்ளவத்தைக்கு வந்து போனதற்கும் சேர்த்துக் காசு கட்டினேன்.

முதல்நாள் இரவே சாரதியிடம் பாதையைச் சொல்லிவிடுங்கள். "பத்து நிமிசம் ஐயா, நல்ல கடை ஒன்று இருக்கு" என்று மசாலாத் தோட்டத்துக்கும் மாணிக்கக்கல் கடைக்கும் திருப்புகிற பழக்கம் சிலரிடம் உண்டு. சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொன்னால் கோபிக்க மாட்டார்கள்.

நீங்களே ஓட்டுவதானால், வெளிநாட்டு உரிமத்தை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. இங்கே ஓட்டுவதற்கான அனுமதியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதிவேகப் பாதையில் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிளும் த்ரீவீலரும் அதில் ஏற முடியாது. சாதாரண வீதியில் தனியார் பஸ் பின்னால் வந்து ஹோர்ன் அடித்தால் ஓரம் கொடுத்துவிடுங்கள். மானம் ஒன்றும் போய்விடாது. பொலிசுக்கு 119, இலவச அம்புலன்சுக்கு 1990, இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். ஊர்ப்பக்கக் கடைகளில் கார்ட் எடுக்க மாட்டார்கள். சில்லறைத் தாள் வேண்டும்.

ஒத்திகைக்கு ஒரு காலை

நெடும்பாதைக்கு முன் கொழும்புக்குள்ளேயே ஒரு காலை சுற்றிப் பாருங்கள். ஞாயிறு அதிகாலை என்றால் புறக்கோட்டையில்கூட வண்டி நிறுத்த இடம் கிடைக்கும்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு எல்லோரும் போகிறார்கள். கொஞ்சத் தூரத்திலேயே இருக்கும் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குக் கொழும்புத் தமிழரில்கூடச் சிவராத்திரிக்கு மட்டும் போகிறவர்கள்தான் அதிகம். பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலை, அவர் மகன் சேர் பொன். இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லால் மீளக் கட்டினார். சாயமடித்த சுதைப் பொம்மைக் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கறுத்த கல் மண்டபம் வேறோர் உலகம். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே தூணில் கை வைத்தால் சில்லென்றிருக்கும்.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் வுல்ஃபெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749 இல் தொடங்கி 1757 இல் முடித்தது. நரியே இருக்கிற, ஓநாயே இல்லாத தீவில் 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' என்று பெயர் வந்த கதை சுவையானது. அதே இடத்தில் முன்பு போர்த்துக்கீசரின் குவாடலூப்பே மாதா கோயில் இருந்தது. அது வாய்வழியே 'ஆகுவா தெ லூப்பே' ஆனது. லூப்பே என்றால் ஓநாய் என்று ஒல்லாந்தர் தங்கள் மொழியில் பெயர்த்து வைத்துவிட்டார்கள். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813 இல் கொண்டுவந்து பதித்தவையும் அவற்றில் உண்டு. பூட்டியிருந்தால் காவற்காரரைத் தேடிப் பணிவாகக் கேளுங்கள்.

நடக்கத் தெம்பிருந்தால் பிட்டகோட்டேப் பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்கா. சதுப்புக்கு மேல் போட்ட பலகை நடைபாதையில் ஏழு மணிக்குள் நடந்தால் நாரையும் மீன்கொத்தியும் பார்க்கலாம். 2018 இல் முதன்முதலாக, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்கள் என்று அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. ஒவ்வொரு மழைக்கும் நம் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, மிச்சமிருக்கும் சதுப்பின் அருமை அங்கே நின்றால் விளங்கும்.

வடக்குப் பாதை: முத்துராஜவெல

எனக்கு மிகப் பிடித்தது இந்தப் பாதைதான். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் விமான நிலையத்துக்குப் போகும்போது இரண்டு பக்கமும் பச்சையாக விரிகிறதே, அதுதான் முத்துராஜவெல. சுமார் 3,000 ஹெக்டேயர் உவர்ச் சதுப்பு. அதன் வழியே நூறு தரம் போய்வந்தவர்களும் அதற்குள் இறங்கியிருக்க மாட்டார்கள்.

அதிவேகப் பாதை வேண்டாம். வத்தளையில் இறங்கி, ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம என்று பழைய கரையோர வீதியில் போங்கள். கூடவே ஹமில்டன் வாய்க்காலும் ஓடி வரும். சதுப்பிலிருந்து உப்புநீரை வடிக்க ஆங்கிலேயர் 1802 இல் வெட்டத் தொடங்கி 1804 இல் முடித்த வாய்க்கால் அது. ஊரார் அதையும் ஒல்லாந்தர் வாய்க்கால் என்றே சொல்லிவிடுவார்கள். கரையில் மீன்பிடி வள்ளங்கள், சின்னச் சின்ன மாதா கூடுகள், வலை உலர்த்தும் பெண்கள். போபிட்டியவில் படகு எடுக்கலாம். முதல் நாளே போன் பண்ணிச் சொல்லி வைத்துவிட்டு ஆறரைக்கு அங்கே நில்லுங்கள். பயணம் இரண்டு மணி நேரம் போல. ஏறுமுன் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் தராமலும் விடுவார்கள்.

வாய்க்கால் நீர்கொழும்புக் களப்பில் திறக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். படகு தானாக மிதந்துபோய்க் கண்டல் மரங்களின் வேர்களுக்கு நடுவே செருகிக்கொண்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும், வேர் என்று நினைத்த ஒன்று மெல்லத் தலை திருப்பியது. ஐந்தடிக் கபரக்கொய்யா, உடும்பு இனம். பிளந்த நாக்கு உள்ளே போய் வெளியே வந்தது. சின்னவன் மூச்சுக்கூட விடவில்லை. தலைக்கு மேல் ஒரு குரங்குக் குடும்பம், பின் பக்கம் எங்கேயோ மீன்கொத்தியின் கிறீச்சொலி. அடுத்த நிமிடம் கட்டுநாயக்கவில் இறங்கும் விமானம் ஒன்று சக்கரம் தெரியத் தாழ்ந்து போயிற்று. கபரக்கொய்யா அசையவேயில்லை, அதற்குப் பழகிவிட்டது போல.

இந்தச் சதுப்பின் வடக்குப் பகுதி 1996 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் தெற்குப் பக்கத்தில் மண் நிரப்பியும் குப்பை கொட்டியும் கரைந்துகொண்டே வருகிறது. நீங்கள் கொண்டுபோகும் போத்தலையும் பையையும் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

ஒன்பது மணிக்குப் படகை விட்டு இறங்கினால், நீர்கொழும்பு போய் மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒல்லாந்தர் கோட்டை வாசலைப் பார்க்கலாம். நெற்றியில் 1678 என்று வெட்டியிருக்கும். உள்ளே சிறைச்சாலை என்பதால் வாசலோடு சரி. படத்தையும் அவதானமாக எடுங்கள். வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.

கிழக்குப் பாதை: ஹங்வெல்ல, அவிசாவளை

அவிசாவளைக்குச் சுமார் 55 கிலோமீற்றர். ஹைலெவல் ரோட்டில் நுகேகொடை, மஹரகம, ஹோமாகம என்று போனால் ஒவ்வொரு சந்தியிலும் நிற்க வேண்டும். கடுவெலைப் பக்கமாகக் களனி ஆற்றை ஒட்டிப் போகும் பழைய லோ லெவல் ரோட் வளைவு நெளிவானது, ஆனால் காலை வேளையில் அழகு. போகும்போது பழைய பாதை, திரும்பும்போது ஹைலெவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் வழிநெடுக ரம்புட்டான் குவித்து விற்பார்கள். மல்வானைப் பழம் என்றால் கேட்ட விலை கொடுக்கலாம்.

ஹங்வெல்லயில் ஆறு வளைகிற மேட்டில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. இப்போது ரெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. பிளேன் டீ குடித்துக்கொண்டு ஆற்றைப் பார்க்க நல்ல இடம். பார்க்க மட்டும்தான். மணல் அள்ளிய குழிகள் களனியின் அடியில் எங்கே எத்தனை ஆழத்தில் இருக்கின்றன என்று மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது. குளிக்க இறங்கிப் போனவர்களின் செய்தி ஒவ்வொரு லீவிலும் பத்திரிகையில் வருகிறது.

அவிசாவளைதான் பழைய சீதாவக்கை. 1521 முதல் 1594 வரை அது தனி இராச்சியத்தின் தலைநகர். சீதையை இராவணன் ஒளித்துவைத்த ஊர் என்ற கதையும் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அரசன் முதலாம் இராஜசிங்கன், 1587 இல் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டுப் போர்த்துக்கீசரை அடுத்த ஆண்டு வரை உள்ளே அடைத்து வைத்தவன். அவன் தன் தந்தையைக் கொன்றான் என்றும், பிக்குகள் அந்தப் பாவத்துக்குக் கழுவாய் இல்லை என்று கைவிரிக்க, சைவர்கள் உண்டு என்று சொன்னதால் சைவனானான் என்றும் சூளவம்சம் சொல்கிறது. எழுதியவர்கள் பிக்குகள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய கதை. அவன் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோயில் ஊருக்குப் பக்கத்தில், ஆற்றை அண்டிய மேட்டில் கிடக்கிறது. பெயர் பெரெண்டி கோவில். பைரவ ஆண்டி என்பதுதான் சிங்கள வாயில் பெரெண்டி ஆனது என்பார்கள்.

வரைபடத்தை நம்பி ஒழுங்கைக்குள் வண்டியைச் செருகாதீர்கள். பிரதான வீதியோரம் நிறுத்தி, கடையில் ஒரு தம்பிலி வாங்கிக் குடித்துக்கொண்டே கேளுங்கள்: "பெரெண்டி கோவில கொஹேத?" ஆணானால் முன்னால் 'ஐயே', பெண்ணானால் 'அக்கே' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்களம் இவ்வளவு தெரிந்தாலே போதும், பாதி வழி கூட வந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

அங்கே கூரை இல்லை, கோபுரம் இல்லை. முடிக்கப்படாமல் நின்றுபோய், போர்த்துக்கீசர் கையால் இடிபட்ட கோயில். மிச்சமிருப்பது அதிட்டானம், அதாவது கோயிலைத் தாங்கும் கல் அடித்தளம்தான். குந்தியிருந்து அந்தக் கல்லைக் கிட்டத்தில் பாருங்கள். மேலிருந்து கீழே வரிவரியாக ஓடும் விளிம்புகள், நடுநடுவே குறுந்தூண்கள், மூலைக்கல்லில் பூவேலை. சில இடங்களில் இழைத்து மழுமழுப்பாக்கிய கல்லுக்குப் பக்கத்திலேயே உளி கொத்திய தடத்தோடு கரடுமுரடான கல். அங்கே சிற்பியின் கை நின்றுபோயிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் காசு செலவழித்துப் போகிற நாங்கள், ஒன்றரை மணித் தூரத்தில் கிடக்கும் இந்தக் கல்லைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வதேயில்லை. தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள இடம். கல்லில் ஏறுவது, சூடம் கொளுத்துவது, பெயர் கீறுவது ஒன்றும் கூடாது.

நேரமிருந்தால் பக்கத்தில் சீதாவக்கை ஈரவலயத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. இளம் பூங்கா, மரங்கள் இன்னும் வளர வேண்டும். பிள்ளைகள் ஓடி விளையாட நல்லது. தொப்பி கட்டாயம்.

கண்டிப் பாதை: ஒரு றப்பர் மரத்தின் கதை

இந்தப் பாதையில் அதிகம் ஆசைப்படாதீர்கள், நெரிசல் அப்படி. கம்பஹாவில் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவோடு நிறுத்திக்கொள்வது புத்தி. உண்மையில் இதற்கு ரயிலில் போவதே சுகம். கோட்டையிலிருந்து ஏறி கம்பஹாவில் இறங்கினால் ஓட்டோவில் சில நிமிடம்தான்.

பேராதனையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், இது சின்னது. ஆனால் 1876 இல் பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த சுமார் 2,000 றப்பர்க் கன்றுகள் கப்பலில் வந்து ஊன்றப்பட்ட மண் இது. இலங்கையின் றப்பர்த் தோட்டங்களுக்குத் தாய்வீடு. களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பால் வெட்டப் போன தமிழ்க் குடும்பங்களின் கதை இங்கே நட்ட கன்றிலிருந்துதான் தொடங்குகிறது. என் அம்மாவின் ஊர் மத்துகமைக்குப் பக்கத்து றப்பர்த் தோட்டம். பழைய மரத்தடியில் அம்மா ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றா. பிறகு, "இதில நாலு தலைமுறைக்கு வெட்டு விழுந்திருக்கும்" என்று மட்டும் சொன்னா.

இன்னும் மேலே போக விரும்புகிறவர்கள் பஸ்யாலை தாண்டிக் கஜுகமையில் வறுத்த கஜு வாங்கலாம். ருசி பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

தெற்குப் பாதை: ஏதாவது ஒன்று

களுத்துறை விகாரையோடு திரும்புகிறவர்கள்தான் பெரும்பாலானோர். காலி வீதியிலிருந்து உள்ளே திரும்பி, களு கங்கையை ஒட்டிப் பலாத்தோட்டைப் பக்கம் போனால் ரிச்மண்ட் மாளிகை. ஒரு முதலியார் கட்டிய வீடு. இராமநாதபுரம் அரண்மனையைப் பார்த்து வரைந்த அமைப்பு என்று சொல்வார்கள். பர்மாத் தேக்கு, உயர்ந்த நடன மண்டபம், ஆற்றுக் காற்று. ஒரு மணி நேரம் போதும். பருவத்தில் போனால் திரும்பும் வழியில் களுத்துறை மங்குஸ்தான். தோலின் சாயம் உடுப்பில் பட்டால் போகாது, வண்டி இருக்கையிலும்தான்.

தோட்டங்களில் ஆர்வமுள்ளவர்கள் தர்கா நகர்ப் பக்கம் உள்ளே இருக்கும் பிரீஃப் தோட்டத்துக்குப் போகலாம். பாராளுமன்றத்தைக் கட்டிய ஜெஃப்ரி பாவாவின் அண்ணன் பெவிஸ் பாவா 1929 இல் தொடங்கி, சாகும்வரை செதுக்கிக்கொண்டிருந்த தோட்டம். சட்டத்தரணியான தந்தை ஒரு வழக்கில் கிடைத்த பணத்தில் நிலம் வாங்கியதால், வழக்குக் கட்டின் ஆங்கிலப் பெயரே தோட்டத்துக்கும் வந்தது. எல்லோரும் பெந்தோட்டையில் தம்பியின் லுனுகங்கவுக்கு ஓடுகிறார்கள். எனக்கு அண்ணனின் தோட்டத்தில்தான் மனம் ஒட்டுகிறது. பேருவளை முனையிலுள்ள வெள்ளைக் கெச்சிமலைப் பள்ளிவாசலையும் அதோடு பார்த்துவிடலாம். தலை மூடிக்கொண்டு, தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள்.

கால் பலமுள்ளவர்களுக்கு மூன்றாவது தெரிவு: ஹொரணை வழியாகப் புளத்சிங்களப் பக்கம் பாஹியங்கல குகை. படியேறினால் மலையே வாய் திறந்தது போல ஒரு குகை. சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் இங்கே தங்கிக் குரங்கும் மர அணிலும் வேட்டையாடித் தின்றிருக்கிறார்கள். எலும்பில் செய்த அம்புமுனைகளும் கிடைத்துள்ளன. பாஹியன் என்ற சீன யாத்திரிகர் தங்கிய இடம் என்பது ஊர்க்கதை, சான்றில்லை. மழைக்கு அடுத்த நாளென்றால் அட்டை கடிக்கும், சவர்க்காரத் துண்டு ஒன்றைப் பையில் வையுங்கள்.

இந்த மூன்றில் ஒரு நாளைக்கு ஒன்று, பேருவளையைச் சேர்த்தால் ஒன்றரை. மூன்றும் என்று புறப்பட்டால் மச்சாளின் பட்டியல் கதைதான்.

விகாரைக்குள் போவதற்கு ஒரு குறிப்பு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், செருப்பும் தொப்பியும் வெளியே. பதினொரு மணி வெயிலில் மணலும் கல்லும் காலைப் பொசுக்கும். மேசு போட்டுக்கொண்டு நடப்பதை யாரும் தடுப்பதில்லை, ஆளுக்கு ஒரு சோடி பழைய மேசு கொண்டுபோங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. இது விளையாட்டில்லை, பொலிஸ்வரை போன கதைகள் உண்டு.

கடைசியாக, நெடும்பயணம்: உடப்பு

இது ஐந்து மணிக்கே புறப்பட வேண்டிய நாள். கட்டுநாயக்க வரை அதிவேகப் பாதை, பிறகு நீர்கொழும்பு, சிலாபம் தாண்டிப் புத்தளம் வீதியில் போய், பத்துளு ஓயாவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மொத்தம் நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். முன்னேஸ்வரம் வரை வருகிற கொழும்புத் தமிழர், அதற்கு அப்பால் கடலுக்கும் களப்புக்கும் நடுவே இப்படி ஒரு தமிழ் ஊர் இருப்பதை அறியாமலே திரும்புகிறார்கள்.

மற்றப் பாதைகளில் சேர்த்துவைத்த சிங்களச் சொற்கள் இங்கே தேவையில்லை. கரைவலை இழுக்கிற காலமென்றால் காலையில் கரையில் போய் நில்லுங்கள். இழுவைக்குத் தாளம் கூட்ட அவர்கள் பாடும் அம்பாப் பாட்டைக் கேட்கலாம். கயிற்றில் ஒரு கை கொடுக்கலாமா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே இடம் விடுவார்கள். போனில் படம் பிடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

திரௌபதை அம்மன் கோயில் திருவிழா ஆடி மாதத்தில் 18 நாள் நடக்கும். முடிவில் தீமிதிப்பு. நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தீமிதிப்பு அன்று போவதானால் ஊருக்கு வெளியே, வண்டியின் முகம் பிரதான வீதியைப் பார்த்தபடி நிறுத்துங்கள். கூட்டம் கலையும்போது அந்த ஒற்றை வீதியில் வண்டி திருப்ப இடமிருக்காது. சாரதி களைத்திருந்தால் சிலாபத்தில் ஒரு மணி நேரம் தூங்கவிட்டு, அப்புறம் கிளம்புங்கள். வெள்ளவத்தை வந்து சேர நடுச்சாமமாகும், வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.